தொழிற்கல்வி ஆசிரியர் சங்கங்கள்: தமிழ்நாடும் தூத்துக்குடிக் கரையும்

தொழிற்கல்வி கற்பிப்போர் தங்கள் பணியுரிமைக்காகவும் தங்கள் பாடம் நிலைத்திருப்பதற்காகவும் அமைத்துக்கொண்டவை தொழிற்கல்வி ஆசிரியர் சங்கங்கள். தமிழ்நாட்டில் இவற்றில் மூன்று தரப்பினர் உள்ளனர். மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவு நடத்தும் ஆசிரியர்கள் முதல் தரப்பு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தையல், ஓவியம், கணினி போன்றவற்றைத் தொகுப்பூதியத்தில் கற்றுத்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் இரண்டாம் தரப்பு. அரசு ஐடிஐக்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயிற்றுவிப்போர் மூன்றாம் தரப்பு. முதல் இருவரும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருகிறார்கள். ஐடிஐ பயிற்றுநர் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு உட்பட்டவர். பாலிடெக்னிக் ஆசிரியர் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு உட்பட்டவர். பட்டறையில் இவர்கள் சொல்லித்தரும் வேலை ஒன்றாகவே இருந்தாலும், மனு கொடுக்கப் போகும் கதவுகள் வெவ்வேறு.

மற்ற ஆசிரியர் சங்கங்களுக்கு இல்லாத ஓர் இடர் இவற்றுக்கு உண்டு. கணித ஆசிரியர் ஓய்வுபெற்றால் தாமதமாகவேனும் இன்னொரு கணித ஆசிரியர் வருவார். தொழிற்பிரிவு ஆசிரியர் ஓய்வுபெற்றால் பல பள்ளிகளில் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. அடுத்த சேர்க்கையில் பிரிவே எடுக்கப்பட்டுவிடுகிறது. சங்கத்துக்குச் சந்தா கட்ட அந்தப் பள்ளியில் அதன்பின் ஆளில்லை.

இதைக் கூர்ந்து பார்க்கத் தூத்துக்குடி தகுந்த ஊர். 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட துறைமுகம் இங்கே இருக்கிறது. அனல்மின் நிலையம், உர ஆலை, உப்பளங்கள், மீன் பதப்படுத்தும் கூடங்கள் எல்லாம் இருக்கின்றன. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத ஊர் இது.

முத்துக்குளித்துறையின் தொழிற்பயிற்சி

பள்ளியில் தொழில் கற்பிக்கும் வழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையில் தொழிற்பயிற்சி கறாராக நடந்தது. முத்துக்குளிப்பவருக்கு இரண்டு கயிறுகள்: ஒன்றில் குளிகல், மற்றொன்றில் சிப்பி அள்ளும் வலைப்பை. கல்லில் காலை ஊன்றி இறங்குபவர், மூச்சு தாங்கும் ஒரு நிமிடம்போல அடியில் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அதை உணர்ந்து இழுக்க வேண்டும். எந்தப் பார் (சிப்பி படியும் கடலடித் திட்டு) எத்தனை பாகம் ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம், எப்போது இறங்கக் கூடாது என்பதெல்லாம் கூட இருந்து கற்றவை. தோணி கட்டும் ஓடாவியின் வேலையும் அப்படித்தான். பலகை இணைப்புகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும் கை, உளியின் ஒலியைக் கேட்டே இடைவெளி அடைந்ததா என்று அறிந்துகொள்ளும்.

1955 முதல் 1961 வரை அடுத்தடுத்து நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோனது. குளித்தவர்கள் பலர் சங்கு எடுக்கப் போனார்கள். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 1977-இல் மீன்வளக் கல்லூரி தொடங்கியது. கடலறிவு பட்டமாகவும் ஆய்வுக் கட்டுரையாகவும் உருமாறிய காலம் அது. பாரில் இறங்கியவரின் திறனுக்குச் சான்றிதழ் இல்லை; அவருக்குக் கற்றுத்தந்தவர் எந்தப் பதிவேட்டிலும் ஆசிரியர் இல்லை. அதனால் அந்தப் பயிற்சி முறை மறைந்தபோது அதற்காகப் பேச ஒரு சங்கமும் இருக்கவில்லை. திறன் இருப்பதும் அந்தத் திறனுக்குப் பேசும் அமைப்பு இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கரையில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

1906-இன் முன்னோடி

தூத்துக்குடியில் தொழிற்கல்விக்காக எழுந்த முதல் பெருங்குரல்களில் ஒன்று ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து வந்தது. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, தன் நோக்கங்களில் கப்பல் ஓட்டுதல், பழுதுபார்த்தல், கட்டுதல் ஆகியவற்றில் இந்தியரையும் இலங்கையரையும் பிற ஆசிய நாட்டினரையும் பழக்குவதைச் சேர்த்திருந்தது. அதற்காகப் பள்ளிகள் நிறுவுவதும் அதில் சொல்லப்பட்டது. 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் பற்றி எதுவும் அறியாத வணிகர்களும் வழக்கறிஞர்களும் சிறு சேமிப்பாளர்களும் பங்கு எடுத்தார்கள். தொழிலைச் செய்பவர் மட்டுமல்லாமல் அந்தத் தொழில் வேண்டும் என்று நினைத்தவர்களையும் உள்ளே கொண்டுவந்ததே அந்த அமைப்பின் பலம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பள்ளித் திட்டமும் அதோடு போயிற்று.

அதே 1908-இல், பிப்ரவரி 27 அன்று தொடங்கிய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் சில நாட்களிலேயே ஊதிய உயர்வையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றுத்தந்தது. ஆலைத் தொழிலாளர்களோடு ஊரும் சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி அது.

கடல் கடந்து, கம்பெனி பதிவான அதே 1906-இல் அமெரிக்காவில் தொழிற்கல்வி வளர்ச்சிக்கென ஒரு தேசியச் சங்கம் உருவானது. ஆசிரியர்களோடு ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் அதில் இருந்தார்கள். பதினோரு ஆண்டுகளில், 1917-இல், பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய நிதி தரும் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் நிறைவேறியது. அந்த மரபில் 1926-இல் அமைந்த அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கம் 1998-இல் பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் இயங்குகிறது. இந்தியாவில் 1941-இல் தொழில்நுட்பக் கல்லூரி முதல்வர்களின் சங்கமாகத் தொடங்கி, 1968-இல் எல்லா ஆசிரியர்களுக்கும் திறந்துவிடப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் இருக்கிறது. ஆனால் அது பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களின் கூடம். பள்ளிப் பட்டறை அதன் பார்வைக்குள் பெரிதாக வந்ததில்லை.

1978-க்குப் பின்

கோத்தாரி கல்விக் குழு (1964–66) மேல்நிலைக் கல்வியில் பாதி மாணவராவது தொழிற்பிரிவுக்கு வர வேண்டும் என்று எண்ணியது. 1978-இல் பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசிய மீளாய்வுக் குழு, மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. கூடவே தொழிற்பிரிவும் வந்தது. பொது இயந்திரவியல், மின் இயந்திரங்கள், செவிலியம், வேளாண்மை, நெசவு, அலுவலகச் செயலியல், கணக்குப்பதிவு என்று அந்தந்த ஊருக்கு ஏற்பப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. கற்பிக்க ஆள் வேண்டும் என்பதால் டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களும் தொழில் அனுபவம் உள்ளவர்களும் பகுதிநேரப் பயிற்றுநர்களாக எடுக்கப்பட்டார்கள். 1990 வாக்கில் அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரும் ஆணைகள் பிறந்தன.

சங்கங்கள் வளர்ந்தது இந்தக் கோரிக்கையைச் சுற்றித்தான். பகுதிநேரத்தை முழுநேரமாக்குவது, பகுதிநேரமாக உழைத்த ஆண்டுகளில் பாதியையாவது ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பது, பதவி உயர்வுக்கு வழி திறப்பது ஆகியவை அவர்களின் மனுக்களில் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொன்றும் நியாயமானது. பல ஆண்டு பகுதிநேரமாக லேத் பட்டறையில் நின்றவருக்கு அதில் பாதி ஆண்டுகூடக் கணக்கில் வராது என்றால் அவர் நீதிமன்றம் போகத்தான் செய்வார். ஆனால் அந்தக் கோரிக்கைகள் நிறைவேறிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே பணியிடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1978-ஐ ஒட்டிச் சேர்ந்த தலைமுறை மொத்தமாக ஓய்வு வயதை எட்டியபோது, அவர்கள் வென்ற உரிமையைப் பெற்றுக்கொள்ள அடுத்த தலைமுறை இல்லை. இந்தச் சங்கங்களின் வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுவே. 2018-19 புதிய பாடத்திட்டத்தில் அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், அடிப்படை மின்னணுப் பொறியியல் என்று நல்ல நூல்கள் எழுதப்பட்டன. நடத்த ஆளில்லாத பள்ளிகளில் அவற்றால் பயனில்லை.

உறுப்பினர் சிக்கலின் இன்னொரு முகம் பகுதிநேர ஆசிரியர்கள். 2012-இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்கு ஊதியம் தரப்படவில்லை. ஆண்டுகள் போகப் போக 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2023-இல் 12,500 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே ஆயிரக்கணக்கானோர் விலகியும் ஓய்வுபெற்றும் இறந்தும் போனார்கள். எஞ்சியவர்கள் 12,000 பேர் அளவில்தான். பணி நிரந்தரம் என்ற ஒரே கோரிக்கைக்குப் பல பெயர்களில் பல சங்கங்கள் இருக்கின்றன. திருச்செந்தூரிலோ விளாத்திகுளத்திலோ இருக்கும் பகுதிநேரத் தையல் ஆசிரியை சென்னையில் நடக்கும் போராட்டத்துக்குப் போய்வர ரயில் கட்டணத்தையும் இழக்கும் நாட்களையும் எண்ணித்தான் முடிவெடுக்க முடியும். சந்தாவும் அப்படித்தான். உறுப்பினரின் ஊதியமே நிலையற்றது என்னும்போது சங்கத்தின் கருவூலம் எப்படி நிலைக்கும்?

பேசுவதற்கு உள்ள தடைகள்

அரசு ஊழியர் நடத்தை விதிகள் வெளிப்படையான போராட்டத்துக்கு எல்லை வகுக்கின்றன. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தத் தலைமுறையின் நினைவில் ஆழமாகப் பதிந்தவை. ஜாக்டோ-ஜியோ போன்ற பெருங்கூட்டமைப்பில் சேர்ந்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் அங்கே பழைய ஓய்வூதியம் போன்ற பொதுக் கோரிக்கைகளே முன்னே நிற்கும். சில ஆயிரம் பேரின் பட்டறைக் கதை பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய தடை அரசியல் நினைவு சார்ந்தது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் 1954-இல் அவருடைய பதவியையே பறித்தது. காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முற்றிலும் சரியானது. அன்று முதல் இங்கே பள்ளியில் தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே ஐயம் எழுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையின் தொழிற்கல்விப் பகுதியும், கைவினைஞருக்காக 2023-இல் வந்த விஸ்வகர்மா திட்டமும் இதே அளவுகோலால்தான் தமிழ்நாட்டில் எதிர்க்கப்பட்டன.

முத்துக்குளித்துறைக்கு இந்த ஐயத்தின் பொருள் நன்றாகத் தெரியும். குளிப்பதும் தோணி கட்டுவதும் உப்பு வாருவதும் பிறப்போடு ஒட்டிவந்த வேலைகள். அரசுப் பள்ளியின் தொழிற்பிரிவு அந்த ஒட்டுதலை அறுத்த இடம். உப்பளத்தில் வேலை பார்ப்பவரின் மகன் மோட்டார் சுற்றக் கற்றதும், மீனவர் வீட்டுப் பெண் செவிலியம் படித்ததும் குலக்கல்விக்கு நேர் எதிரானவை. பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்பிரிவு முடித்தவருக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு. சங்கங்களின் கையில் இருக்கும் மிக வலுவான வாதம் இதுதான். ஆனால் அவர்களின் மனுக்களிலும் மேடைகளிலும் இது அபூர்வமாகவே வருகிறது. பணிவிதி பேசும் மனுவை அதிகாரி மட்டும் படிப்பார். எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம் என்று பேசினால் ஊரே காது கொடுக்கும்.

இன்றைய நிலை

அரசின் கவனம் இப்போது வேறு தடங்களில் செல்கிறது. 2022 மார்ச் 1-இல் மாணவர் திறன் வளர்ப்புக்கான நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் பணி நடந்தது. ரோபோ இயந்திரமும் சிஎன்சி எந்திரமும் ஐடிஐக்கு வந்தது நல்ல செய்தி. பள்ளித் தொழிற்பிரிவு அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கு 2024 பிப்ரவரி 25-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4-இல் ஆலை திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்க வேண்டும் என்று எல்லாக் கட்சியும் பேசுகிறது. அந்தப் பேச்சில் தொழிற்கல்வி ஆசிரியர் சங்கங்களுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பிடிக்க அவை உறுப்பினர் வரம்பையும் விரிக்க வேண்டியிருக்கிறது: ஓய்வுபெற்ற பயிற்றுநர், படித்து முடித்து வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர், சிறு பட்டறை உரிமையாளர், தோணி ஓட்டும் தண்டல், ஓடாவி என்று. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு இயங்குகின்றன. தங்கள் பள்ளியின் மூடப்பட்ட மின் பொறியியல் பிரிவுக்கு ஆசிரியர் வேண்டும் என்று அந்தக் குழு தீர்மானம் போட்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். அதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்லி எழுதவைக்கும் வேலையைச் செய்யக்கூடியவர்கள் இன்னும் பணியில் இருக்கும் அந்தச் சில தொழிற்கல்வி ஆசிரியர்கள்தான்.