ஒரு மலை, இரு ஊர்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தைச் சேர்ந்தது அக்கில் தீவு. 1887இல் பாலம் அமையும்வரை அது பெருநிலத்தினின்று பிரிந்தே கிடந்தது. அத்தீவில் 671 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்லீவ்மோர் மலையின் சரிவுகளில் இரு சிற்றூர்களின் வரலாற்றைக் காண்கிறோம். திருப்பணிக்கென அழைக்கப்பட்ட நாம் அவ்வரலாற்றைக் கருத்தூன்றிக் கற்பது நலம்.

தென்சரிவில் இருப்பது பாழூர். ஏறத்தாழ 80 முதல் 100 கல்வீடுகள் கூரையின்றி வரிசையாய் நிற்கின்றன. சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிய ஓரறை வீடுகள் அவை. குளிர்காலத்தில் மக்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ்த் தங்கினர். உருளைக்கிழங்கு பயிரிட்ட வரப்புகள் புல்லுக்கடியில் இன்றும் தெரிகின்றன. அக்கிழங்கொன்றே ஏழைகளின் உணவாயிருந்தது.

வடகிழக்குச் சரிவிலுள்ளது டூகோர்ட். அயர்லாந்துத் திருச்சபையின் குருவாகிய எட்வர்டு நாங்கிள் 1831இல் பஞ்ச நிவாரணப் பொருள்களுடன் இத்தீவுக்கு வந்தார். 1834இல் இங்கு மிஷன் குடியிருப்பை நிறுவினார். ஐரிய மொழியைக் கற்றார். பள்ளிகள், அநாதை இல்லம், அச்சுக்கூடம் ஆகியவை எழும்பின. 1835இல் மருத்துவர் நீசன் ஆடம்ஸ் வந்து பிணியாளருக்குத் தொண்டாற்றினார். கத்தோலிக்கப் பேராயர் ஜான் மெக்ஹேல் இப்பணியைக் கடுமையாக எதிர்த்தார். நாங்கிளும் உரோமச் சபையைத் தம் இதழில் ஓயாது தாக்கினார்.

1845இல் கிழங்குப் பயிரை நோய் அழித்தது. பெரும் பஞ்சம் பரவிற்று. மிஷன் பள்ளிகளில் உணவு கிடைத்தமையால் பிள்ளைகள் திரண்டு வந்தனர். உணவுக்காக விசுவாசம் விலைபேசப்பட்டது என்று எதிரிகள் குற்றஞ்சாட்டினர், மிஷனார் மறுத்தனர். மிஷன் பலரின் உயிரைக் காத்தது என்பதை மறுத்தல் நீதியன்று. ஆயினும் பசித்தவனுக்கு முன்னே உணவும் உபதேசமும் ஒரே கையால் நீட்டப்படும்போது, அவன் எதை ஏற்றான் என்று எவரால் துணிந்து கூறவியலும்? சூப்புக்காகச் சமயம் மாறியவர் என்னும் வசைச்சொல் அயர்லாந்தில் தலைமுறைகள் கடந்தும் நிலைத்தது. சமய நிபந்தனையின்றி உணவளித்த குவேக்கர்களையோ மக்கள் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர்.

1850களின் தொடக்கத்தில் மிஷன் தீவின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிற்று. வேதம் போதித்த கையே குத்தகையும் வசூலிக்கலாயிற்று. 1852இல் நாங்கிள் தீவை விட்டு வேறொரு திருச்சபைப் பணிக்குச் சென்றார். 1880களில் மிஷன் முடிவுற்றது. பஞ்சத்தாலும் குத்தகைச் சுமையாலும் நலிந்த தென்சரிவு மக்கள் கடலோரத்திலுள்ள டூஆக்கிற்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தனர். அதன்பின் கோடையில் மாடு மேய்ப்போரே பழைய வீடுகளில் தங்கினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அவ்வழக்கமும் நின்றது.

டூகோர்ட்டில் 1855இல் கட்டப்பட்ட தூய தோமா ஆலயம் இன்றும் நிற்கிறது. நாங்கிளின் உழைப்பையோ துணிவையோ நாம் குறைகூற வேண்டுவதில்லை. அவர் மனைவியும் குழந்தைகள் பலரும் அம்மலையடியிலேயே அடக்கம் பெற்றனர். எனினும் அன்பின் தொண்டு சபையின் எண்ணிக்கையைப் பெருக்கும் கருவியாக ஆகுமிடத்து, தொண்டும் ஐயத்திற்குள்ளாகிறது, நற்செய்தியும் ஐயத்திற்குள்ளாகிறது. உதவி பெறுவோன் மறுத்துச் சொல்லவும் உரிமையுடையவனாய் இருக்கின்றானா என்பதே நம் ஊழியங்கள் அனைத்தையும் நாம் சோதித்தறிய வேண்டிய உரைகல்லாகும்.