ஏலமலையின் இரு பக்கம் – அத்தியாயம் 9: பண்ணைப்புரத்துக்கு வந்த கடிதம்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலை மலையை விட்டு விலகுவதே இல்லை. வலப்பக்கம் ஏலமலை கூடவே வரும். சில்லமரத்துப்பட்டி, தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். அதற்கு அப்பால் கோம்பை. மலைக்கு மேலே ஏலக்காடு. 1924இல் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. அடிவாரம் வெள்ளைக்காரனின் மதுரை ஜில்லா. ஏலக்காய் மூட்டை மேலிருந்து கீழே வரும். அரிசியும் கூலியாட்களும் கீழிருந்து மேலே போவார்கள். எல்லைக்கோடு வரைபடத்தில் இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அந்தக் கோடு தெரியாது.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தின் தொடக்கம். போடிக்கு ரயில் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. காங்கிரஸ் பிரசாரத்துக்காக மதுரை ஜில்லாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஈரோட்டுக்காரர் ஒருவர் பண்ணைப்புரத்துக்கு வந்திருந்தார். வயது 44. பெயர் ஈ. வெ. ராமசாமி நாயக்கர். தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர். அங்கேதான் அவர் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வைக்கத்திலிருந்து.

நீங்கள் வந்து ஏற்றுக்கொள்ளாவிட்டால் இந்த இயக்கம் அழிந்துவிடும் என்பது அதன் சாரம். பெரியார் என்று பின்னாளில் அறியப்பட்ட அவரே மேடைகளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அழைப்பை அனுப்பியவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். சிரியன் கிறிஸ்தவர்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் அது. அதில் ஒரு கிறிஸ்தவருக்கு என்ன வேலை? அன்று இந்தக் கேள்வியைக் கேட்டவர் சாதாரண ஆளல்ல. அவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் ஜோசப்பை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

மலைக்கு அந்தப் பக்கம், செங்கன்னூரில் 1887இல் பிறந்தவர் ஜோசப். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். எடின்பரோவில் தத்துவத்தில் எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம். 1909இல் ஊர் திரும்பினார். சில காலம் சென்னையில் தொழில் பார்த்துவிட்டு மதுரைக்கு வந்தார். அதற்குப் பிறகு மதுரைதான் அவருக்கு ஊர்.

அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் அவரை அரசியலுக்கு இழுத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்து போய் இந்தியாவின் கோரிக்கையைப் பேச ஒரு சிறு குழு கப்பலேறியது. அதில் ஜோசப்பும் இருந்தார். ஜிப்ரால்டரிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதில் அவர் பங்கு பெரிது. ரௌலட் சட்டத்தை எதிர்த்து மதுரையில் கடையடைப்பும் உண்ணாவிரதமும் நடந்தபோது முன்னால் நின்றார். இவையெல்லாம் அந்தத் தலைமுறையின் பல தலைவர்களிடமும் காணக்கூடியவைதான். ஜோசப்பைத் தனியே நிறுத்துவது வேறு ஒன்று.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி தொடங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவி வாழ்கிற பிறமலைக் கள்ளர்கள்மீது அப்போது குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. ஒருவன் ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. இன்ன சாதியில் பிறந்தால் போதும், பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிந்துவிட்டு வர வேண்டும். இரவில் போலீஸ் கச்சேரியில் ஆஜர் சொல்லி, அங்கேயே படுத்துக்கிடக்க வேண்டும். பக்கத்து ஊரில் அக்காள் வீட்டில் விசேஷம் என்றாலும், அறுப்புக்குக் கூலிக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை. கல்யாணமான புது மாப்பிள்ளைக்கும் இதே விதிதான். போலீஸ் கச்சேரித் திண்ணையில் கழிந்த அந்த இரவுகளை இப்பகுதிப் பெரியவர்களிடம் கேட்டால், தங்கள் தாத்தன் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

1920 ஏப்ரல் 3. கைரேகை எடுக்கப் போலீஸ் பெருங்காமநல்லூருக்கு வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கி வெடித்தது. விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடிய மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் நீதிமன்றம்வரை நடத்தியே கொண்டுபோனார்கள் என்று அந்தப் பக்கத்து ஊர்கள் சொல்கின்றன.

அந்த ஜனங்களுக்காக வாய் திறக்க அன்று எத்தனை வக்கீல்கள் இருந்தார்கள்? பட்டணத்துக் கனவான்களின் கண்ணில் கள்ளர் என்றால் களவு. பத்திரிகைகளுக்கும் அதே கண்தான். ஜோசப் அவர்கள் பக்கம் நின்றார். அவர்களுக்காக வழக்காடினார், அந்தச் சட்டமே அநீதி என்று எழுதினார், பேசினார். கிராம ஜனங்களின் வாயில் ஜோசப் என்ற பெயர் ரோசாப்பூ ஆனது. ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றும் உசிலம்பட்டி வட்டாரத்தில் ரோசாப்பூ என்று பெயர் கொண்ட ஆண்களைப் பார்க்கலாம். குலசாமிப் பெயரோடு ஒரு கிறிஸ்தவ வக்கீலின் பெயரும் அவர்கள் வம்சாவளியில் கலந்துவிட்டது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று கிறிஸ்தவத் தலைவர்களில் பலர், வெள்ளை அரசு இருக்கும்வரைதான் நமக்குப் பாதுகாப்பு என்று நம்பினார்கள். 1834இலிருந்து மதுரைச் சீமையில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திவந்த அமெரிக்கன் மதுரை மிஷன் மகத்தான காரியங்கள் செய்தது. ஆனால் அதன் ஊழியர்கள் அயல்நாட்டவர்கள். அரசியலில் தலையிடமாட்டோம் என்ற உறுதியின் பேரில்தான் அவர்களால் இந்த மண்ணில் இருக்க முடிந்தது. அதே மிஷனைச் சேர்ந்த ரிச்சர்ட் கெய்த்தான் கதர் கட்டிக்கொண்டு காந்தியின் பக்கம் சாய்ந்தார்; அதற்காகவே அவர் 1930இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அது தனி அத்தியாயம், பின்னால் வருகிறது. இப்படிப்பட்ட காலத்தில் ஜோசப் பைபிளை எடுத்துக்கொண்டு கள்ளர் நாட்டுக்குப் போகவில்லை. கட்சிக்காரனுக்கு வாதாடப் போனார். கச்சேரித் திண்ணையில் படுத்துக்கிடந்தவன் அவரைப் பார்த்து, நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

வைக்கத்தில் கேட்டார்கள்.

*

ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை ஜோசப் உதறினார். அலகாபாத் போய் மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைதாகி, ஜவாகர்லால் நேருவோடு லக்னோ சிறையில் இருந்தார். விடுதலையான பிறகு காந்தியின் ‘யங் இந்தியா’வுக்கு ஆசிரியப் பொறுப்பு. காந்தி சிறையில் இருந்த காலத்தில் அவருடைய பத்திரிகையையே ஒப்படைக்கும் அளவுக்கு இயக்கம் ஜோசப்பை நம்பியது. இதை மறந்துவிடாதீர்கள்.

1924 மார்ச் 30இல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கக் கூடாது. அதே சாலைகளில் கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம். நாளுக்கு மூன்று பேராகத் தடையை மீறிப் போய்க் கைதாவது என்று திட்டம். முதல் நாள் போனவர்கள் ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர்.

ஜோசப்புக்கு அந்தச் சாலை திறந்தே கிடந்தது என்பதைக் கவனியுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று தாராளமாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். தனக்கு இல்லாத தடையை உடைக்கத்தான் அவர் போனார். அவர் பிறந்த சிரியன் கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் சாதி இருந்தது. புலையர்கள் ஞானஸ்நானம் பெற்றாலும் சபைக்குள் அவர்களுக்கு வேறு இடம்தான். ஆகவே வைக்கத்துச் சாலையில் அவர் எதிர்த்து நின்றது அடுத்தவர் வீட்டுக் குற்றத்தை மட்டுமல்ல என்று நான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 7ஆம் தேதி, போராட்டத்தை முன்னின்று நடத்திவந்த டி. கே. மாதவனும் கே. பி. கேசவ மேனனும் கைதானார்கள். தலைமை ஜோசப்பின் தோளுக்கு வந்தது.

அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 6ஆம் தேதி, பம்பாய்க்குப் பக்கத்தில் ஜுஹு கடற்கரையோரம் தங்கியிருந்த ஒருவர் ஜோசப்புக்குக் கடிதம் எழுதியிருந்தார். சிறைவாசத்தின்போது குடல்வால் அறுவை சிகிச்சை நடந்து, பிப்ரவரியில் விடுதலையாகி, உடம்பு தேறிக்கொண்டிருந்த காந்தி.

வைக்கம் வேலையை இந்துக்களிடம் விட்டுவிடுங்கள் என்றது கடிதம். தீண்டாமை இந்துக்களின் பாவம்; அதற்குப் பிராயச்சித்தம் அவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் அனுதாபத்தாலும் எழுத்தாலும் உதவலாம், இயக்கத்தை நடத்துவதாலோ சத்தியாகிரகத்தாலோ அல்ல. தீண்டாமையை ஒழிக்கும்படி நாகபுரி காங்கிரஸ் தீர்மானமும் இந்து உறுப்பினர்களைத்தானே கேட்டுக்கொண்டது என்று நினைவூட்டினார் காந்தி. இந்த நோய் சிரியன் கிறிஸ்தவர்களையும் பிடித்திருக்கிறது என்று தன் நண்பர் ஆண்ட்ரூஸ் சொல்லக் கேட்டு வியந்ததாகவும் எழுதினார்.

காந்தியின் கவலை வெறுங்கவலை அல்ல. ஈழவர்களுக்குள் மதம் மாறிவிடலாம் என்ற பேச்சு அப்போது பலமாகவே இருந்தது. ஒரு கிறிஸ்தவர் தலைமையில் போராட்டம் நடந்தால், வைதீகர்கள் அதையே ஆயுதமாக எடுப்பார்கள்: இது தெருவுக்கான சண்டை அல்ல, ஆள் பிடிக்கும் சண்டை என்பார்கள். இதை அவர் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் என் மனம் ஜோசப்பின் பக்கமே நிற்கிறது. அது அரசாங்கச் சாலை. ஈழவர் கொடுத்த வரியும் கிறிஸ்தவர் கொடுத்த வரியும் அதில் உண்டு. ஜோசப் இதைக் குடிமக்களின் உரிமைப் பிரச்சினையாகப் பார்த்தார். பெருங்காமநல்லூரில் சுடப்பட்டவர்கள் யாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். அங்கே அவர் தலையிட்டது சரி என்றால், இங்கே மட்டும் எப்படித் தவறாகும்? பக்கத்து வீட்டுக்காரனை உன்னைப் போல நேசி என்ற கட்டளையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த மனிதரிடம், அந்த வீடு உன் மதத்தைச் சேர்ந்ததல்ல, ஒதுங்கி நில் என்று சொல்லப்பட்டது. அதைச் சொன்னவரோ அவர் தலைவராக ஏற்றுக்கொண்டவர். அந்தத் தலைவருக்காகத் தொழிலைவிட்டு, சிறைக்கும் போனவர் அவர்.

ஒதுங்கிக்கொள்வதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சத்தியாகிரகிகள் சாலையில் உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அரசு சில நாள் கைது செய்வதை நிறுத்தி, வேலி போட்டு வழிமறித்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஜோசப்பையும் பிடித்துத் திருவனந்தபுரம் சிறைக்கு அனுப்பினார்கள். மாதவன், மேனன், இப்போது ஜோசப். வைக்கத்து முகாமில் பெரிய தலை எதுவும் மிச்சமில்லை.

மிச்சமிருந்தது அந்த அழைப்பு ஒன்றுதான்.

*

பண்ணைப்புரத்தில் கடிதத்தைப் படித்த ராமசாமி நாயக்கருக்கு முன்னால் இரண்டு தடைகள் இருந்தன. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு ராஜ்யத்தின் விவகாரத்துக்குப் போகலாமா என்பது ஒன்று. இன்னொன்று, அங்கே ஏற்கெனவே மூட்டப்பட்டிருந்த தீ: யார் நடத்தலாம், யார் நடத்தக் கூடாது என்ற வாதம்.

இந்துக்கள்தான் நடத்த வேண்டும் என்றார் காந்தி. ஜோசப் கூப்பிட்டவர் இந்துவாகப் பிறந்தவர். ஈரோட்டில் கோயில் தேவஸ்தானக் கமிட்டியையே நிர்வகித்தவர். அந்த வகையில் காந்தியின் நிபந்தனைக்குள் அடங்கியவர்தான். ஆனால் இந்தக் கடிதம் அழைத்துச் செல்லப்போகும் மனிதர் எங்கே போய் முடிவார் என்பதைக் காந்தியும் அறியவில்லை, அழைத்த ஜோசப்பும் அறியவில்லை. கிறிஸ்துவை விடாமல் பிடித்திருந்த ஒருவர், பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஒருவர், கடவுளே இல்லை என்று சொல்லப்போகிறவரிடம் தன் போராட்டத்தை ஒப்படைத்தார். இடையில் நின்றது இந்த ஏலமலை மட்டும்.

ராமசாமி நாயக்கர் தாமதிக்கவில்லை. கட்சிப் பொறுப்பை ராஜகோபாலாச்சாரியார் பார்த்துக்கொள்ளும்படி எழுதிவிட்டு, ஈரோடு திரும்பி, அங்கிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 13ஆம் தேதி வைக்கம் போய்ச் சேர்ந்தார்.

அவர் வருகிறார் என்பது திருவிதாங்கூர் அரசுக்கு முன்பே தெரிந்திருந்தது. படகிலிருந்து இறங்கும் இடத்தில் போலீஸ் கமிஷனரும் தாசில்தாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஜோசப்புக்கு நடந்ததுதான் இவருக்கும் என்று கூட வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கமிஷனர் முன்னால் வந்தார். கைது உத்தரவு எதையும் அவர் நீட்டவில்லை. மகாராஜா சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று பேச்சைத் தொடங்கினார்.

மகாராஜா என்ன சொல்லி அனுப்பியிருந்தார்?

(தொடரும்)