கணவாய் பெற்ற கோட்டை

கல்வராயன் மலைமேல் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோட்டை கிடையாது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள், தேன் வாங்குகிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். மதிலோ கொத்தளமோ யார் கண்ணிலும் படுவதில்லை. மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கள்ளக்குறிச்சி, அதற்கும் அப்பால் சமவெளியில் தியாகதுருகம். அங்கே ஊரை ஒட்டி எழும் கருங்கல் குன்றின் மேல் கோட்டை இருக்கிறது. இவ்வளவு பெரிய மலையை விட்டுவிட்டு இந்தக் குன்றை ஏன் பிடித்தார்கள்?

பெரிய மலைக்குக் காவல் தேவைப்படவில்லை. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. மேலே மலையாளி என்னும் பழங்குடி மக்கள். ஜடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் அங்கே நடந்தன. 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அந்த மலையின் அதிகாரம் அவர்களிடம்தான். கீழே நவாபு மாறினாலும் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தாலும் மேலே பெரிதாக எதுவும் மாறியதில்லை. படையெடுத்து வருகிறவன் மாடு பூட்டிய பீரங்கி வண்டியோடும் தானிய மூட்டையோடும் வருகிறான். அவன் ஏன் கல்வராயன் மேல் ஏறப்போகிறான்? சுற்றிக்கொண்டுதான் வருவான்.

சுற்றிவர இரண்டே வழி. வடக்கே, ஜவ்வாது மலைக்கும் இந்த மலைக்கும் நடுவில் செங்கம் கணவாய். தெற்கே, பச்சைமலைக்கும் இதற்கும் நடுவில் ஆத்தூர் கணவாய். மைசூர்ப் பக்கமிருந்து பாராமகால் சீமை வழியாகவோ சேலம் வழியாகவோ இறங்கி, கடலூரையும் புதுச்சேரியையும் பிடிக்க நினைக்கும் எவனும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் நுழைவான். தெற்கு வழியின் வாயிலில், வசிஷ்ட நதிக் கரையில், கெட்டி முதலியார்கள் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆத்தூர்க் கோட்டை நிற்கிறது. கணவாயைக் கடந்து கிழக்கே வெளிவருகிறவனைப் பார்த்துக்கொள்ளத் தியாகதுருகம். இன்றைய சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஏறக்குறைய அதே தடத்தில்தான் ஓடுகிறது. அந்தக் காலத்துச் சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் மட்டும் உயிர்க்கணக்கில். ஆகவே இந்தக் கோட்டை பிறந்தது மலையால் அல்ல, மலை விட்டுவைத்த இடைவெளியால் என்பது என் கட்சி.

நம் பக்கத்து மலைக்கோட்டைகளைக் கட்டினார்கள் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. பாதி வேலையைப் பாறை ஏற்கெனவே முடித்துவைத்திருக்கும். யானையளவு உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் குன்றில், இரண்டு கல்லுக்கு நடுவே ஆள் நுழையும் சந்து எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் சுவர் வைத்து அடைத்துவிட்டால் போதும். அடைக்கும் கல்லும் அங்கேயே கிடைக்கும். பாறையில் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, பலகைபோலப் பிளந்தெடுப்பார்கள். பாதி பிளந்து கைவிட்ட கற்களில் அந்தக் குழி வரிசை இன்னும் அழியாமல் இருக்கும். மலை ஏறும்போது மதிலைவிட அதைத்தான் நான் தேடிப் பார்ப்பேன். மதில் ராஜாவின் கணக்கு, குழி கல்தச்சனின் கணக்கு. பிறகு சுனை. மழைநீர் நிற்கும் பள்ளம் உச்சியில் இல்லாவிட்டால் எத்தனை பீரங்கி இருந்தும் பயனில்லை. சுனை, நெற்களஞ்சியம், வெடிமருந்துக்கிடங்கு மூன்றும் அமைந்த குன்றுதான் துருகம் ஆகும்.

தியாகதுருகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 18-ஆம் நூற்றாண்டு. 1760-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி துரைக்கு மூச்சு முட்டியது. வந்தவாசியில் தோற்றாயிற்று, ஆங்கிலேயர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். மைசூரின் ஹைதர் அலியிடம் படையும் உணவும் கேட்டார். அதற்கு விலையாகத் தியாகதுருகமும் பக்கத்திலிருந்த எலவானாசூர்க்கோட்டையும் கைமாறின. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு வந்து இறங்கினார். இந்த இரண்டு கோட்டைகள் ஹைதருக்கு ஏன் வேண்டியிருந்தன என்று யோசித்தால், கணவாயின் மதிப்பு விளங்கும். ஆனால் மைசூரில் ஹைதரிடம் திவானாக இருந்த காண்டே ராவ் கலகம் செய்ய, ஹைதர் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, அடுத்த சில வாரங்களில் தியாகதுருகமும் கம்பெனி கைக்குப் போனது.

1790 கடைசியில் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஹைதரின் மகன் திப்புவே இங்கே வந்தார். உள்ளே தளபதி கேப்டன் ஃபிளின்ட், பத்தாண்டுக்கு முன் வந்தவாசியில் ஹைதரின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த அதே ஆள். திப்புவின் தாக்குதல் பலிக்கவில்லை. கோட்டையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்குக் கொடுத்தது. கணவாயின் இருபுறமும் ஒரே கொடி. காவல் காக்க எல்லையே இல்லாமல் போனபின் கோட்டைக்கு என்ன வேலை?

ஜப்பானிலும் மலைக்கோட்டைகளுக்கு இதே கதிதான், கொஞ்சம் வேறு விதமாக. 1600-ல் செகிகஹாரா போரோடு உள்நாட்டுச் சண்டை அடங்கத் தொடங்கியது. 1615-ல் ஒரு பிரபுவுக்கு ஒரே கோட்டை என்று உத்தரவு போட்டு மற்றவற்றை இடிக்கச் சொன்னார்கள். ஹியோகோ மாகாணத்தில் 353 மீட்டர் உயரத்திலுள்ள தகேதா கோட்டை 1600-லேயே கைவிடப்பட்டது. மரக்கட்டடங்கள் போய் அடுக்கிய கல் மேடைகள் மட்டும் மிஞ்சின. இலையுதிர்காலக் காலைகளில் அந்த வெறும் கல்லைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. மரமும் கல்லும் கலந்து கட்டிய அவர்களுக்கே இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. முழுக்கக் கல்லில் கட்டிய நாம் மதிலில் பெயின்ட்டால் காதலி பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, மகிழ்ச்சி. செஞ்சிக்குப் போகிறவர்கள் தியாகதுருகத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். குடிதண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உச்சிக்குப் போனதும் முதலில் மேற்கே பாருங்கள்: வானம் தெளிவாக இருந்தால் கல்வராயன் தெரியும், அதன் தெற்கு ஓரத்தில் ஆத்தூர் வழி.