வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே அமைந்துள்ள பறவைகள் புகலிடமாகும். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று பாசனக் கண்மாய்களை உள்ளடக்கிய இதன் பரப்பளவு 38.4 எக்டேர். 1977 ஆம் ஆண்டு சூன் மாதம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்குக் குறிக்கப்படும் திருப்பத்தூர், 2019 இல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகரம் அன்று.

சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆலா, கடற்காகம் போன்றவற்றைக் காண இராமநாதபுரம் மாவட்டத்தின் பாக்கு நீரிணைக் கரைக்குச் செல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பகுதியினர் நீர்ப்பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் கூடுகளில் காண்பது வேட்டங்குடிக் கண்மாய்களில்தான்.

பறவைகள்

நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, இராக்கொக்கு, நீர்க்காகம் முதலியன இங்குக் காணப்படுகின்றன. இவை அனைத்தும் அயல்நாட்டிலிருந்து வருபவை என்ற கருத்து பரவலாக உள்ளது, அது சரியன்று. ஊசிவால் வாத்து போன்றவையே வடபுலத்திலிருந்து குளிர்காலத்தில் வலசை வருகின்றன. நாரைகளும் கொக்குகளும் நம் நாட்டிலேயே இனப்பெருக்கம் செய்பவை. நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கிடையே ஓர் இடைவெளி உண்டு. வயல்களிலுள்ள நத்தைகளே இதன் முதன்மை உணவு.

பட்டாசு வெடிக்காத ஊர்கள்

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பத் தொடங்கும் காலத்திலேயே தீபாவளியும் வருகிறது. பெருத்த ஓசை கேட்டால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுக் கலைந்து எழும். காவலற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் காகங்களும் பருந்துகளும் கவர்ந்து செல்லும். இதனால் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கோயில் திருவிழாக்களிலும் வெடிகளைத் தவிர்க்கின்றனர். பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி அடுத்த மாவட்டத்திலேயே உள்ளது என்பது நினைக்கத்தக்கது. சிறுவர்களுக்கு இது எளிதான விரதமன்று. வனத்துறையினர் தீபாவளியையொட்டி ஊர் மக்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவதுண்டு.

பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயல்களுக்கு உரமாவதால் உழவர்களுக்கும் பயன் உண்டு. ஆனால் மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத ஆண்டுகளில், ஊரார் எவ்வளவு அமைதி காத்தாலும் பறவைகள் கூடுகட்டுவது குறைந்துவிடும்.

செல்லும் வழி

மேலூர் – திருப்பத்தூர் சாலையில் சரணாலயம் உள்ளது. காரைக்குடியிலிருந்து வருவோர் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூரை அடைந்து மேற்கே செல்லலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். காலையில் இரை தேடிப் புறப்படும்போதும் மாலையில் திரும்பும்போதும் பறவைகளை மிகுதியாகக் காணலாம். தொலைநோக்கி எடுத்துச் செல்வது நலம். வருகையாளர்களும் ஓசை எழுப்பலாகாது.