பட்டந்தூர் ஏரியும் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்காவும்: இந்திய–சிங்கப்பூர் முதலீட்டுறவில் அரசின் பங்கு

பெங்களூரின் கிழக்கே காடுகோடிப் பகுதியைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கி.பி. 1043ஆம் ஆண்டினது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆட்சியில், பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேலான் என்பவன் பட்டந்தூரில் ஏரி அமைத்து, அதற்கு மதகுகள் இட்டு, துர்க்கை, கணபதி, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களையும் எழுந்தருளுவித்த செய்தியை அது தெரிவிக்கிறது. தந்தையின் பெயர் கன்னட நாட்டு வழக்கினதாகவும், மகனின் பெயர் சோழ மன்னன் பெயரைத் தாங்கியதாகவும் அமைந்துள்ளமை தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நமக்கு வேண்டுவது வேறொன்று. உள்ளூர்த் தலைவன் ஒருவன் தன் பேரரசின் நிழலில் நின்று ஓர் ஊருக்கு அடிப்படை வசதி செய்து தந்துள்ளான் என்பதே அது.

அதே பட்டந்தூரில், ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகள் கழித்து, இரண்டு நாட்டு அரசுகளும் ஒரு பெருவணிகக் குழுமமும் கூடி மற்றோர் அமைப்பை எழுப்பின. அதுவே ‘ஐ.டி.பி.எல்.’ என்று பெங்களூர் மக்கள் சுருக்கி வழங்கும் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்கா. தகவல் தொழில்நுட்பம் பற்றித் தமிழில் வரும் ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, கணித்தமிழ் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அவை தேவையானவையே. எனினும் அத்தொழில் எந்த அரசியல் ஏற்பாட்டினால் இந்நாட்டில் வேரூன்றியது என்பதை வரலாற்று நோக்கில் காணும் முயற்சி நம்மிடையே குறைவு. அரசு விலகி நின்றதனாலேயே மென்பொருள் வணிகம் வளர்ந்தது என்னும் கருத்து மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. பட்டந்தூர்ப் பூங்காவின் வரலாறு அக்கருத்துக்கு உடன்பட்டு வரவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

பூங்காவிற்கு முன்

பெங்களூரில் மின்னணுத் தொழிலுக்கான நிலம் அரசினாலேயே முதலில் பண்படுத்தப்பட்டது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பாரத் எலக்ட்ரானிக்ஸ், இந்திய அறிவியல் கழகம் ஆகியவை தந்த பொறியியல் மரபு ஒருபுறம். கர்நாடக அரசின் ‘கியோனிக்ஸ்’ நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் தலைமையில், 1970களின் இறுதியில் ஓசூர் சாலையில் அமைத்த எலக்ட்ரானிக் சிட்டி மறுபுறம். 1984 நவம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மறு ஆண்டிலேயே, 1985இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக அமெரிக்கத் தலைமையகத்துடன் தரவுத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள அரசு அதற்கு இசைவளித்தது. அந்நாளில் இது எளிய செய்தியன்று. தொலைத்தொடர்பு முழுவதும் அரசின் தனியுரிமையாக இருந்த காலம் அது.

இந்தியத் தொழில்முனைவோர் நிலையோ வேறு. ஒரு கணினியை இறக்குமதி செய்வதற்குத் தில்லிக்குப் பலமுறை அலைந்ததையும் தொலைபேசி இணைப்புக்காக நெடுநாள் காத்திருந்ததையும் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய நிறுவனம் பெங்களூருக்கு வந்தது 1983இல். எனவே ஒரே நகரில், ஒரே பத்தாண்டில், ஒருவருக்கு வானவழி திறந்தது. மற்றவருக்குத் தொலைபேசியே அரிதாயிற்று. திறந்தது யார், திறக்காதது யார் என்று வினவினால் இரண்டிற்கும் விடை அரசு என்பதே.

1991 சூன் மாதம் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு பதிவு செய்யப்பட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு நீங்கியது. ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களும் அரசின் தரைநிலையம் வழியாக அயல்நாட்டு வாடிக்கையாளரோடு தரவுத் தொடர்பு கொள்ள முடிந்தது. அதே சூலையில்தான் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இந்திய ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைக்கப்பட்டது. முதலீடு தேடி அயலகம் நோக்க வேண்டிய நிலை நடுவண் அரசுக்கு ஏற்பட்ட சூழல் இதுவாகும்.

இரு அரசுகளும் ஒரு வணிகக் குழுமமும்

சிங்கப்பூரின் தேவை இதற்கு எதிர்த்திசையினின்று வந்தது. சிறிய தீவு, நிலமும் ஆளும் குறைவு, சேர்ந்திருந்த மூலதனமோ மிகுதி. 1990இல் தலைமை அமைச்சரான கோ சோக் டோங், தம் நாட்டு முதலீட்டை வட்டார நாடுகளுக்குக் கொண்டு செல்வதைக் கொள்கையாகவே மேற்கொண்டார். இந்தியாவின் மீது சிங்கப்பூருக்கு ஒரு காய்ச்சல் பிறக்க வேண்டும் என்ற பொருளில் அவர் வழங்கிய தொடர் அக்காலச் செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டது. 1994 சனவரி 26 குடியரசு நாள் விழாவில் அவரே சிறப்பு விருந்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் பி.வி. நரசிம்ம ராவ் சிங்கப்பூர் சென்று ஆற்றிய சொற்பொழிவு, கிழக்கு நோக்கிய கொள்கையின் அடையாளமாக இன்றும் கருதப்படுகிறது.

இவ்விருவருக்கும் இடையே 1992இல் உருவான எண்ணமே பட்டந்தூர்ப் பூங்கா. 1994இல் அதற்கெனக் கூட்டு நிறுவனம் அமைந்தது. சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு 40 விழுக்காடு, டாட்டா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்துக்கு 20 விழுக்காடு எனப் பங்குகள் பகிரப்பட்டன. அவ்வாண்டே கட்டுமானம் தொடங்கிற்று. 1990களின் இறுதியில் பூங்கா இயங்கலாயிற்று.

இப்பங்கீட்டில் அந்த 20 விழுக்காடே கூர்ந்து நோக்கத்தக்கது. பணத்தளவில் அது சிறியது. ஆனால் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் உடைய ஓர் அரசு வாரியம் கூட்டாளியாக அமர்ந்திருப்பது அயல்நாட்டு முதலீட்டாளருக்குத் தரும் உறுதி பெரியது. வரிச்சலுகை தருவதாக எந்த அரசும் அறிவிக்கலாம். அடுத்த அரசு அதனைத் திரும்பப் பெறவும் கூடும். தானே பங்குதாரராக உள்ள அரசோ தன் முதலுக்குத் தானே ஊறு செய்யத் தயங்கும்.

வணிகர் அரசிடம் வேண்டுவது இத்தகைய உறுதியே என்பதற்குத் தென்னிந்திய வரலாற்றில் பழஞ்சான்று உண்டு. காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய மன்னர் பறித்துக்கொண்ட வழக்கத்தை விலக்கி, உரிய சுங்கம் மட்டுமே கொள்ளப்படும் என்று கடல் வணிகர்க்கு உறுதி கூறியது. மோட்டுப்பள்ளியில் அச்சம் புயலைப் பற்றியது அன்று, கரையில் நிற்கும் அதிகாரியைப் பற்றியது. பட்டந்தூரிலும் ஏறக்குறைய அதுவே. மின்சாரம் நிற்கும், கோப்பு நகராது, இசைவு கிடைக்காது என்பனவே 1990களில் முதலீட்டாளரின் அச்சங்கள். ஆகவே பூங்கா தனக்கெனச் சொந்த மின்நிலையத்தையே அமைத்துக்கொண்டது. நகரம் தர இயலாததை மதிலுக்குள் தானே செய்துகொள்ளும் ஒரு தீவாக அது திட்டமிடப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

அதே காலத்தில் சிங்கப்பூர் சீனாவின் சூச்சௌ நகரிலும் ஒரு தொழிற்பூங்காவை மேற்கொண்டது. அங்குத் திட்டமிட்ட பரப்பு எழுபது சதுரக் கிலோமீட்டர். சிங்கப்பூர்க் கூட்டமைப்பின் பங்கு 65 விழுக்காடு. சூச்சௌ நகராட்சியே தனக்கெனப் போட்டியாக வேறொரு தொழிற்பகுதியை வளர்த்ததால் பிணக்கு மூண்டு, 2001இல் சிங்கப்பூர் தன் பங்கை 35 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டது. பெங்களூர்ப் பூங்காவோ முப்பது எக்டேருக்கும் குறைந்த பரப்பில் தொடங்கியது. சிறிதாகத் தொடங்கியதும், உள்ளூர் அரசுக்கு முதலிலேயே பங்கு தந்ததும் அதனைக் காத்தன என்பது கட்டுரையாளர் கருத்து. சூச்சௌ பின்னர்ப் பெருவளர்ச்சி கண்டது என்பதையும் மறைத்தல் ஆகாது.

இன்னும் தெளிவான ஒப்பீடு நம் நாட்டிலேயே உள்ளது. டாட்டா குழுமமும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் இணைந்து உள்நாட்டு விமான சேவை தொடங்க 1990களின் நடுவில் முயன்றன. அயல்நாட்டு விமான நிறுவனங்கள் இத்துறையில் பங்கு வைத்தல் ஆகாது என 1997இல் கொள்கை வகுக்கப்பட்டது. மறு ஆண்டில் முயற்சி கைவிடப்பட்டது. டாட்டாவும் சிங்கப்பூரின் சாங்கி நிறுவனமும் இடம்பெற்ற கூட்டமைப்பு ஒன்று பெங்களூரில் புதிய விமான நிலையம் கட்ட முன்வந்து, அதே கால அளவில் விலகிக்கொண்டது. தேவனஹள்ளி விமான நிலையம் பின்னர் வேறு நிறுவனங்களின் கூட்டில் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. டாட்டா–சிங்கப்பூர் விமானம் பறந்ததோ 2015 சனவரியில், ‘விஸ்தாரா’ என்னும் பெயரில். அதுவும் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. பூங்காவில் கூட்டுச் சேர்ந்த அதே இந்தியக் குழுமம், அதே சிங்கப்பூர், அதே பத்தாண்டு. பூங்கா எழுந்தது, விமானம் எழவில்லை. வணிகரின் திறமையில் வேறுபாடு இல்லை. அரசு ஒன்றில் கூட்டாளியாகவும் மற்றொன்றில் தடையாளராகவும் நின்றதே வேறுபாடு.

பங்கு குறைந்த வரலாறு

காலப்போக்கில் டாட்டா விலகிற்று. சிங்கப்பூர்த் தரப்பு ‘அசெண்டாஸ்’ நிறுவனத்தின் கீழ் ஒருங்கிணைந்தது. 2005இல் சென்னைத் தரமணியிலும் அது ஒரு பூங்காவைத் திறந்தது. அங்கும் தமிழ்நாடு அரசின் ‘டிட்கோ’ 11 விழுக்காட்டுப் பங்காளி. 2007 ஆகத்தில் இப்பூங்காக்களை உள்ளடக்கிய முதலீட்டு அறக்கட்டளை சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, பெங்களூர்ப் பூங்காவில் கர்நாடக வாரியத்தின் பங்கு 7.2 விழுக்காடாக இருந்தது, எஞ்சியது அறக்கட்டளையுடையது. பட்டந்தூர் நிலத்தின் வாடகையைச் சிங்கப்பூரில் ஒரு சிறு முதலீட்டாளர் பங்காதாயமாகப் பெறும் நிலை இவ்வாறு உருவாயிற்று. தொடக்கத்தில் நம்பிக்கைக்கு ஈடாக நின்ற அரசு, பயன் பெருகிய காலத்தில் சிறு பங்குதாரராகச் சுருங்கியது. இதனை இழப்பு என்று மட்டும் கூறிவிட இயலாது. வேலைவாய்ப்பும் வரியும் வேறு வழியில் வந்தன. ஆயினும் ஈடு நின்றவனுக்கு இறுதியில் கிடைத்தது என்ன என்ற வினா பொருளியல் அறிஞருக்கு மட்டும் உரியதன்று.

2005 சூன் 29இல் மன்மோகன் சிங்கும் லீ சியன் லூங்கும் தில்லியில் கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை, ஒரு பூங்காவுக்குத் தந்த உறுதியை இரு நாட்டு வணிகம் முழுவதற்கும் விரித்தது. அது அவ்வாண்டு ஆகத்து முதல் நடைமுறைக்கு வந்தது. 2018–19 நிதியாண்டில் மொரீசியசை முந்தி, இந்தியாவுக்கு நேரடி அயல்நாட்டு முதலீடு மிகுதியாக வரும் நாடாகச் சிங்கப்பூர் ஆயிற்று. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. சிங்கப்பூர் வழியாக வரும் பணமெல்லாம் சிங்கப்பூரருடையது அன்று. பங்கு விற்பனை இலாபத்துக்கு இருந்த வரிவிலக்கைக் கருதி அவ்வழியே வந்த பிறநாட்டு முதலும் அதில் அடங்கும். 2016 இறுதியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2017 ஏப்ரல் முதல் வாங்கப்படும் பங்குகளுக்கு அவ்விலக்கு படிப்படியாக நீக்கப்பட்டது.

அவ்வுடன்படிக்கை சரக்கோடும் முதலோடும் நில்லாது 127 வகைத் தொழில்வல்லுநரின் தற்காலிகப் போக்குவரத்தையும் குறித்தது. முதல் மேற்கே வந்தது; ஆட்கள் கிழக்கே சென்றனர். சிங்கப்பூரில் இது உள்ளூரார் வேலையைப் பறிக்கிறது என்னும் குற்றச்சாட்டு வலுத்து, 2021 சூலையில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் விரிவான விளக்கம் தர நேர்ந்தது. இதில் தமிழர் நிலை இரட்டைத் தன்மையது. தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் அந்நாட்டுக் குடிமக்கள். புதிதாகச் செல்லும் இந்தியப் பொறியாளருள்ளும் தமிழர் உளர். ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லில் இரு சாராரும் அடக்கப்படும்போது, வந்தவர் மீதான சினம் இருந்தவர் மீதும் பாய்கிறது. அண்மைக்காலச் சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதைகளை ஆராய்வோர் இந்தப் பின்னணியையும் கருத்திற்கொள்ளுதல் நலம்.

மதிலுக்கு வெளியே

பூங்காவுக்குள் மின்சாரம் நிற்கவில்லை. வெளியே ஒயிட்ஃபீல்டு பகுதி நெடுங்காலம் குழாய் நீரின்றித் தண்ணீர் லாரிகளையே நம்பியிருந்தது. வர்த்தூர், பெள்ளந்தூர் ஏரிகள் நகரின் கழிவுநீரைத் தாங்கி நுரைத்தன; 2017 பிப்ரவரியிலும் 2018 சனவரியிலும் பெள்ளந்தூர் ஏரியில் தீப்பற்றியது. இக்கேட்டை ஒரு பூங்காவின் மீது சுமத்துவது முறையன்று. ஆனால் முதலீட்டாளர்க்கு இரு அரசுகள் எழுதித் தந்த உறுதி மதிலோடு முடிந்தது என்பதும், ஊராருக்கு அத்தகைய உறுதியை எவரும் எழுதித் தரவில்லை என்பதும் உண்மை. இராசராச வேலான் ஏரிக்கு மதகுகள் இட்டதைக் கல்வெட்டு மறவாது குறித்துள்ளது. மதகு என்பது நீரைத் தேக்கி வைப்பதற்கன்று, வெளியே விடுவதற்கு.

வெளியிலிருந்து பூங்காவுக்குத் தொடர்வண்டி வந்து சேர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2023 மார்ச்சு 25இல் கிருஷ்ணராஜபுரம்–ஒயிட்ஃபீல்டு மெட்ரோ தொடங்கியது. நகரின் ஏனைய தடத்தோடு அது இணைந்தது அவ்வாண்டு அக்டோபரில். பூங்காவை ஒட்டிய நிலையம் திட்ட ஏடுகளில் ‘ஐ.டி.பி.எல்.’ என்று குறிக்கப்பட்டிருந்தது. திறக்கப்பட்டபோது பெயர்ப்பலகையில் நின்ற பெயர் ‘பட்டந்தூர் அக்ரகாரம்’.