வேலியிடப்பட்ட விளையாட்டு

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விளையாட்டெனப் போற்றப்படுவது 'பேஸ்போல்' பந்தாட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது பெரும்பாலும் திறந்த வெளிகளிலேயே ஆடப்பட்டு வந்தது. நியூயோர்க் நகரத்து எழுதுவினைஞரும் வணிகரும் ஹட்சன் ஆற்றைக் கடந்து, ஹோபோக்கனில் உள்ள எலிசியன் வெளியில் ஆடி மகிழ்ந்தனர். பார்ப்போர் பணம் கொடுத்ததில்லை; ஆடுவோர் ஊதியம் பெற்றதுமில்லை.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் கமெயர். நியூயோர்க்கை அடுத்த புறூக்ளினில், பனிக்காலத்தில் உறைந்துவிடும் குளமொன்றைச் சறுக்கு விளையாட்டுக்கென அவர் நடத்திவந்தார். பனி உருகியதும் அவ்விடத்தால் வருவாயில்லை. ஆகவே நீரை வடித்து, நிலத்தைச் சமப்படுத்தி, சுற்றிலும் வேலியெழுப்பி, இருக்கைகளும் அமைத்தார். 'யூனியன் கிறவுண்ட்ஸ்' என்னும் அம்மைதானம் 1862 மே 15 அன்று திறக்கப்பட்டது. பந்தாட்டத்துக்கென வேலியிட்டு அமைக்கப்பட்ட முதல் மைதானம் இதுவே என்பர். அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில், 1931இல், தேசிய கீதமான பாடலை அன்று இசைக்குழுவினர் இசைத்தனர்.

திறப்பு நாளில் அனுமதி இலவசம். பின்னர் ஆளுக்கு 10 சதம் அறவிடப்பட்டது. கழகங்களிடம் கமெயர் வாடகை கேட்கவில்லை. வாயிலிற் சேர்ந்த பணம் முழுவதும் அவருக்கே உரியதாயிற்று. மக்கள் பணங்கொடுத்துக் காண வருவது வேலியையன்று, தம் ஆட்டத்தையே என்பதைக் கழகங்கள் விரைவில் உணர்ந்தன. தமக்கும் பங்கு கேட்டுப் பெற்றன. அப்பணம் திறமைமிக்க ஆட்டக்காரரின் கைகளுக்கு மறைவாகச் சென்றது. விதிகள் தடுத்தும் பயனில்லை. 1869இல் ஊதியம் பெற்று ஆடுவது வெளிப்படையாகவே அனுமதிக்கப்பட்டது.

1876இல் 'நஷனல் லீக்' தோன்றியபோது, நியூயோர்க் மியூச்சுவல் கழகம் இம்மைதானத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. அதன் முகாமையாளரும் கமெயரே. பருவத்தின் இறுதியில், செலவுக்கு அஞ்சி, மேற்கு நகரங்களுக்கான பயணத்தை அக்கழகம் கைவிட்டது. லீக் அதனை விலக்கியது. வாயிற் பணத்தை விளையாட்டுக்குக் கொணர்ந்தவரின் கழகமே பணக்கணக்காற் பந்தயங்களைக் கைவிட்டு வீழ்ந்தது.

1883இல் அம்மைதானம் இடிக்கப்பட்டது. ஆயினும் அவ்வேலி தொடக்கிய மாற்றம் நிலைத்தது. பொழுதுபோக்காக இருந்த ஆட்டம், உழைக்கும் மக்களின் மைந்தருக்குப் பிழைப்பாயிற்று. முன்பு யாவருக்கும் திறந்திருந்த வெளிக்கோ ஒரு வாயில் அமைந்துவிட்டது.