பிஜே சிட்டி காலமானது

நாளிதழில் மரண அறிவிப்பு கொடுக்கப் போனால் முதலில் பெயரைக் கேட்பார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஊர் கூப்பிட்ட பெயரையும் ‘என்கிற’ போட்டுச் சேர்த்தால்தான் நாலு பேருக்கு ஆள் யாரென்று புரியும். பிஜே சிட்டி எஃப்சி என்ற காற்பந்துக் குழுவுக்கு அப்படி ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தால் ‘மிஃபா என்கிற’ என்று போட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் யாரும் இல்லை. 2022 பருவம் முடிந்ததும் குழு மலேசிய லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. விளையாட்டுப் பக்கத்தில் அது செய்தியாக வந்தது, போனது.

பிறந்த கதை சுருக்கமானது. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமும் (மிஃபா) சேர்ந்து, மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) டி. மோகன் முன்னின்று நடத்த, நம் பையன்களுக்கென்று ஒரு குழு எழுந்தது. 2016இல் எஃப்ஏஎம் லீக்கில் சாதித்து, மறு ஆண்டு பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2019இல் பெட்டாலிங் ஜெயாவின் பெயரைச் சூட்டிக்கொண்டு, கிளானா ஜெயா எம்பிபிஜே அரங்கத்தை வீடாக்கி, சூப்பர் லீக்கில் கால் வைத்தது. நான்கு பருவங்கள் அங்கே ஆடியது.

இப்படி ஒரு குழு ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் கதையின் கனம் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் என்று தேசியக் குழுவில் நம்மவர் பெயரைத் தேடவேண்டிய அவசியமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் அடியில் தோட்டம் இருந்தது. கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல் இவை நான்கும் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. பால் வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பனும் பள்ளி விட்டு வந்த மகனும் சாயங்காலம் ஒரே திடலில் ஓடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டிகள் நடந்தன. திறமையான பையனை யாரும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த தோட்டத்துக்காரனே அவன் பெயரை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1980களிலும் 90களிலும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நீண்ட வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. திடல் கூட வரவில்லை. அடுக்குமாடியின் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பந்தைத் தட்டிப் பழகலாம். கார்னர் கிக் பழக முடியாது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஆட்டக்காரர்கள் வற்றிய காலத்தில்தான் நம்மவர் பயிற்றுநர்களாகத் தலையெடுத்தார்கள். தோட்டமும் பழைய நகரத் திடல்களும் வளர்த்த கடைசித் தலைமுறை, கால் தளர்ந்த பிறகு விசிலைக் கையில் எடுத்ததன் பலன் அது. கே. ராஜகோபால் 2009இல் லாவோஸில் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டின் காற்பந்துத் தங்கத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டார். 2010 டிசம்பரில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றும், தென்கிழக்காசியக் குழுக்களுக்கான சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தார். ஓரத்தில் நின்று கத்தியவர் நம்மவர். களத்தில் நம்மவரைத் தேடினால் எஸ். குணாளன் போல ஒருவர் கண்ணில் படுவார். மிஃபா நிரப்ப வந்த பள்ளம் இதுதான். சூப்பர் லீக்கிலும் அந்தக் குழுவைக் கே. தேவன், பி. மணியம் என்று நம்மவர்களே பயிற்றுவித்தார்கள்.

பயிற்றுநர் ஏன் வேலையை விட்டுப் போகிறார் என்று மாமாக் கடையில் வாதாடாத காற்பந்து ரசிகர் இல்லை. அமெரிக்காவில் இது பெரிய விவாதம். அங்கே கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் குழுப் பயிற்றுநர்களுக்கே மாட மாளிகைச் சம்பளம். 2021இல் பிரயன் கெல்லி என்ற பயிற்றுநர் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் (எல்எஸ்யூ) போனபோது பேசிய தொகை 10 ஆண்டுக்கு 9.5 கோடி டாலர். கைவிடப்பட்ட ஊர் கோபப்பட்டது, வரவேற்ற ஊர் விமான நிலையத்துக்கு ஓடியது. நம் ஊரில் நல்ல சம்பளம் கூப்பிட்டுப் போனவர் மிகக் குறைவு. இங்கே ஒப்பந்தம் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. நாலு ஆட்டம் தோற்றால் ‘ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். சம்பளம் இரண்டு மாதம் நின்றால் தானாகவே வேறு வேலை தேடத் தோன்றும்.

பயிற்றுநர் பி. சத்தியநாதனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–5 என்று தோற்றதும் தேசியக் குழுப் பதவி போனது. மறு ஆண்டே கிளந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். பிறகு ஃபெல்டா யுனைடெட், சிலாங்கூர், சரவாக் யுனைடெட் என்று நகர்ந்தார். 2023 ஜூலையில் காலமானார். அதற்குள் ஃபெல்டா யுனைடெட் லீக்கை விட்டுப் போயிருந்தது. சரவாக் யுனைடெட்டுக்கு 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. ஒரு மனிதர் வேலை பார்த்த இடங்களை வரிசையாக எழுதினால் பாதி இடம் மூடிக் கிடக்கிறது. பயிற்றுநர் குழுவை விட்டுப் போனாரா, குழு பயிற்றுநரை விட்டுப் போனதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பிஜே சிட்டிக்கும் அதே கதிதான். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீக்கில் ஆடினார்கள். சிக்கனமா, கொள்கையா என்று சிலர் சிரித்தார்கள். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அதனால் எத்தனை உள்ளூர்க் கால்களுக்குத் தொண்ணூறு நிமிடம் கிடைத்தது என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

பெயரை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. ‘இந்தியர்’ என்ற சொல்லை ஜெர்சியில் வைத்திருந்தால் மட்டும் பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் கிளானா ஜெயாவுக்குத் திரண்டு வந்திருக்குமா என்ன? கிள்ளான்காரர் தாத்தா காலத்திலிருந்தே சிலாங்கூர் ரசிகர். அவர் மகன் லிவர்பூல். புதிய குழுவுக்கு மனதில் இடம் பிடிக்க இருபது ஆண்டாவது வேண்டும். இதற்குக் கிடைத்ததோ நான்கு பருவம், அதில் 2020இலும் 2021இலும் கோவிட். ஷா ஆலாம் அரங்கம் மூடப்பட்டதும் சிலாங்கூரும் எம்பிபிஜேவுக்கே குடிவந்துவிட்டது. வாடகை வீட்டில் பக்கத்து அறைக்காரர் பெரிய குடும்பத்தோடு வந்து இறங்கினால் ஒண்டிக்கட்டை என்ன செய்வான்?

குழு முடிந்துபோனாலும் ஆட்டக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள்; வேறு குழுக்கள் எடுத்துக்கொண்டன. இழப்பு இன்னொரு இடத்தில். பயிற்றுநராக வேண்டுமென்றால் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று உரிமப் படிகள் ஏற வேண்டும். சூப்பர் லீக்கில் தலைமைப் பயிற்றுநராக உட்காரப் புரோ கேட்கிறார்கள். வகுப்புக்குப் பணம் வேண்டும், அதைவிட முக்கியமாக, பழக ஒரு குழு வேண்டும். உதவிப் பயிற்றுநராகப் பந்து பொறுக்கி, கூம்பு அடுக்கி, வீடியோ வெட்டிக் கற்றுக்கொள்ள ஒரு தமிழ் இளைஞரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும் இடமாக மிஃபா இருந்தது. ராஜகோபாலும் தேவனும் மணியமும் வந்த வழியில் இருந்த திடல்கள் இன்று இல்லை, இப்போது இந்தக் குழுவும் இல்லை. மலேசியக் கிண்ணத்தைப் பலமுறை வென்ற பேராவே 2025இல் விலகிய பிறகு, சின்னக் குழு ஒன்றை மறுபடி தொடங்குவோம் என்று எந்தச் செல்வந்தரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. ஆனால் யாராவது போய் நிற்கத்தான் வேண்டும், அதுவும் இப்போது ‘பி’ உரிமத்தோடு வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் கிராப் ஓட்டப் போவதற்குள்.